டொக்டரம்மாவின் ஜப்பான் காரும் என் இரண்டு கலிப்பர்களும்

கராஜை மூடிச் சாவியைக் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்த பிறகு, பதுளைப் பக்கம் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுவதாகக் கேள்விப்பட்டேன். கோழிக்கூடாகக் கிடந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்து யாழ்ப்பாணம் வரை ஓட வைத்த மனிதர் என்று, புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் சொல்லிக்கொள்கிறீர்களாம். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோழிக்கூடாகக் கிடந்தது ஒரு கார், யாழ்ப்பாணம் போனது இன்னொரு கார். இரண்டுக்கும் நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தை யாரோ நாகரிகமாக விட்டுவிட்டார்கள். உங்களுக்குப் பயன்படக்கூடியது அந்தப் பகுதி மட்டும்தான் என்பதால் அதை நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, போரால் மூடிக் கிடந்த வடக்குப் பாதை திறந்த சமயம். ஒரு காலை டொக்டரம்மா என் கராஜுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் எங்கள் ஊவா மலைப் பக்கம் வேலைக்கு வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலும் டவுனிலுமாக ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஓய்வு பெற இன்னும் ஒன்றிரண்டு வருஷம்தான் இருந்தது. அவரிடம் எழுபதுகளில் வந்த ஒரு ஜப்பான் கார் இருந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் சரிந்த கண்ணாடி. சாமான் கிடைக்காமல் பல வருஷமாகத் தகரக் கொட்டகையில் நின்றது.

"பாஸ், இதை ஓட வைக்க வேணும். அம்மாவைப் பார்க்கப் போறன். பன்னிரண்டு வருஷமாச்சு பார்த்து" என்றார்.

நான் காரைச் சுற்றி வந்தேன். எலி, துரு, காற்றே இல்லாத நான்கு டயர். "ஒரு வேன் புடிச்சுப் போயிடலாமே டொக்டர்?" என்றேன்.

"இந்தக் காரிலதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டு இஞ்ச வந்தனான். இதிலயே போறன். எத்தினை மாசம் வேணும்? பாதை எவ்வளவு நாளைக்குத் திறந்திருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"மூணு மாசம்" என்றேன். ஆறு மாசம் என்றுதான் மனதுக்குள் ஓடியது. ஆனால் இருபத்தைந்து வருஷமாக ஸ்பெனர் பிடித்தவன், ஒரு டொக்டர் முன்னால் ஆறு என்று சொன்னால் கௌரவம் என்ன ஆவது?

சாமான் தேடும் படலம் தொடங்கியது. எஞ்சினுக்குப் பெரிய தொல்லை இல்லை. அதே கம்பெனி செய்த பிக்கப்புக்கும் இந்தக் காருக்கும் உள்ளே பல சாமான் ஒன்றுதான். வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி ஏற்றி உயிரை விட்ட பிக்கப்புகளுக்குக் குறைவே கிடையாது. தண்ணீர்ப் பம்ப், கிளச் தட்டு எல்லாம் அங்கிருந்து வந்தன. முன்கண்ணாடி ரப்பருக்கு மட்டும் கொழும்புக்கே போனேன். பழைய ரப்பரை மாதிரிக்கு எடுத்துப் போகச் சொன்னார் டொக்டரம்மா. "என் கண்ணே அளவுகோல்தானுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனேன். வாங்கி வந்த ரப்பர் சரியாக ஒரு சாண் குட்டை. அதை இழுத்துப் பொருத்த முயன்று கண்ணாடியையும் உடைத்து, இரண்டையும் என் செலவில் மறுபடி வாங்கினேன். கண்ணை நம்பிய கதை அதோடு முடிந்திருந்தால் இன்று உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

எங்கும் கிடைக்காதது முன் பிரேக் கலிப்பர். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்பு. காரில் இருந்தவை துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன, பிக்கப்பில் அந்த ரகமே கிடையாது. அப்போதுதான் மடுல்சீமையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், இதே கார் ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்தது. எந்தக் காலத்திலோ ஒரு சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மேலாளர், பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறக்கிய கார். அதைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டுத் துரை மாற்றலாகிப் போய்விட்டாராம்.

பஸ்ஸேறிப் போனேன். தோட்டத்து கிளாக்கர் ஐயா, "அது கார் இல்லைங்க, ராசம்மாவோட கோழிக்கூடு. அவகிட்ட கேளுங்க" என்று கையை விரித்தார்.

ராசம்மா அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டுக் காரின் கதவைத் திறந்து காட்டினார். ஓட்டுநர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கீழ இருக்கிற இரும்பை எல்லாம் எடுத்துக்கங்க. நமக்கு என்னாத்துக்கு? ஆனா கதவுல கைய வைக்காதீங்க. கீரி வந்துருச்சுன்னா ஒரு குஞ்சு மிஞ்சாது."

எனக்கோ கதவும் வேண்டும். டொக்டரம்மாவின் கார்க் கதவு ஒன்று கீழ்ப்பக்கம் அரித்துப் போயிருந்தது. "வேற கதவு கொண்டாந்து போட்டுத் தரேன், மாத்திக்கிடுவோம்" என்றேன்.

"கீரி பூராத கதவுன்னா சரிங்க."

முதல் தடவை ஒரு வேன் கதவைக் கொண்டுபோனேன். ராசம்மா அதைப் பொருத்திப் பார்த்து, இடுக்கில் தன் கையை முழங்கை வரை விட்டுக் காட்டினார். "இதுல கீரி இல்ல, நானே பூந்துருவேங்க." இரண்டாவது தடவை தகரம் வெட்டிக்கொண்டு போனேன். கீழ்மூலையில் இரண்டு விரல் நுழைந்தது. "குட்டிக் கீரிக்கு இது போதும்." மூன்றாவது தடவை பலகையும் கீலும் கொண்டுபோய் அங்கேயே அளந்து, அறுத்து, பொருத்தினேன். ராசம்மா நான்கு மூலையிலும் விரல் வைத்துப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், பிறகுதான் தலையை ஆட்டினார். கொழும்புக் கண்காட்சிக்குப் போகும் காரைக்கூட யாரும் அப்படிச் சோதித்து நான் பார்த்ததில்லை. ரப்பருக்கும் அப்படி விரல் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அன்று பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கடைசி பஸ் ஹோர்ன் அடிக்கும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக இரண்டு கலிப்பரையும் கழற்றி, ஒரே உருளைக்கிழங்குச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு ஓடினேன். எந்தப் பக்கத்துச் சாமானைக் கழற்றினாலும் அதன் மேல் ஒரு அடையாளம் போடு என்று என் கராஜில் வேலை பழகிய ஒவ்வொருவரிடமும் சொன்னவன் நான். அன்று போடவில்லை. கண்ணே அளவுகோல் அல்லவா!

கலிப்பர்களைச் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு, காரில் பூட்டினேன். அழகாக உட்கார்ந்தன. மாஸ்டர் சிலிண்டர் மட்டும், அதாவது பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற சாமான், புதிதாக வேண்டியிருந்தது. டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம், நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவரிடம், வாங்கினேன். அவர் கடையில்தான் என் தொழிலே ஓடியது. எத்தனையோ வருஷப் பழக்கம்.

எண்ணெய் ஊற்றி எயார் எடுத்தேன். குழாய்க்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் கலிப்பரில் இருக்கும் குட்டி நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். விட்டேன். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் பஞ்சு. இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால் மட்டும் பிடித்தது.

யோசித்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. நேரே நானா கடைக்குப் போனேன். நாலு பேர் சாமான் வாங்க நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே மாஸ்டர் சிலிண்டரை மேசையில் போட்டேன்.

"என்ன நானா, போலிச் சாமான் விக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பாஸ் செல்றீங்க? இந்தக் கடைல போலி ஈக்கா? இந்தாங்க, வேற ஒண்டு கொண்டு போங்க."

அதுவும் பஞ்சு. மறுநாள் அதையும் கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றாவதை எடுத்துத் தந்தார். ஆனால் வழக்கமாகக் கொடுக்கும் பிளேன்டீயைத் தரவில்லை, பேசவுமில்லை. மூன்றாவதும் பஞ்சாகவே இருந்தது.

அன்று மாலையே டொக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தகவல் வந்திருந்தது. அம்மா விழுந்துவிட்டாராம், எழும்பி நடக்கக் கஷ்டமாம். "இந்தக் கிழமையே வெளிக்கிட வேணும். நாளைக்கு நானே ஒருக்கா ஓடிப் பாக்கிறன்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது: "பிரேக் சரியில்ல டொக்டர், ஏன்னு எனக்குத் தெரியல." மூன்று மாசம் என்று சொல்லி நாலரை மாசம் ஆகியிருந்தது. கார் பெயின்ட் பூசி, சிவப்பாக, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. தெரியாது என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. அதற்குப் பதிலாகச் சொன்னது இது: "பழைய காருங்க, பிரேக்கை ரெண்டு தரம் அடிச்சு மிதிங்க, புடிச்சுக்கும்."

மறுநாள் காலை டொக்டரம்மா ஓட்ட, நான் பக்கத்தில். பண்டாரவளை தாண்டி, ஹப்புத்தளை தாண்டி, ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கத் தொடங்கினார். ஒரு காலத்தில் அவர் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வந்த ரோடு. அந்தக் கைகளுக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பெரிய சாதனை செய்தவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் சொன்னார்: "பாஸ், பெடல் கீழ போகுது."

"இன்னொருக்கா அடிங்க டொக்டர்!"

"அடிச்சிட்டன். இன்னும் கீழ போகுது."

முன்னால், ரோட்டோரத்தில், டயருக்குக் கல் வைத்து ஒரு மரக்கறி லொறி நின்றது. எதிரே பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன், "முருகா" என்று கத்தினேன். டொக்டரம்மா கியரை மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினார். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே, இடது சக்கரங்களை ரோட்டோர வாய்க்காலான கானுக்குள் இறக்கி, மலைச் சரிவின் மண்ணோடு காரை உரச விட்டார். என் பக்கத்துக் கதவு, மடுல்சீமைக்கு மூன்று தடவை அலைந்து வாங்கிய அந்தக் கதவு, கல்லில் தேய்ந்துகொண்டே போனது. லொறிக்கு இரண்டு ஆள் நீளம் பின்னால் கார் நின்றது.

லொறி டிரைவர் இறங்கி வந்து, கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை டொக்டரம்மாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். பாதிப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தது நான்தான்.

பிறகு டொக்டரம்மா கேட்டார். "பிரேக் இப்படி இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

என்னிடம் மூன்று பதில் தயாராக இருந்தன. பழைய கார், போலிச் சாமான், செங்குத்தான ரோடு. எதைச் சொன்னாலும் ஓரளவு நம்பியிருப்பார். ஆனால் அவர் முழங்கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். தம் பக்கத்துக் கதவில் இடித்திருக்கிறார்.

"தெரியும் டொக்டர். மூணு நாளா தெரியும். ஏன் அப்படின்னுதான் தெரியல."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கும் ஒரு ஆளைப் பார்த்து என்ன வருத்தம் எண்டு விளங்காத நாள் வந்திருக்கு பாஸ். அண்டைக்கு நான் மருந்து குடுக்கிறேல்ல. இன்னொராளைக் கேக்கிறனான். நீங்கள் ஆரையாவது கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. குற்றம் சொல்லத்தான் ஆள் தேடினேன்.

மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய வெறும் லொறி ஒன்றில் காரை ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுவந்தோம். வழியில் நானாவோடு பட்ட சண்டையையும் டொக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். பட்டப்பகல். பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொருவரும், என் தொழில் திறமை லொறியில் ஊர்வலம் போவதைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை டொக்டரம்மா முழங்கையில் கட்டோடு கராஜுக்கு வந்து, "சாமான் வித்தவரையும் கூப்பிடுங்கோ" என்றார். நானா கடைக்கு நடந்த தூரம் எனக்கு மடுல்சீமையை விடத் தூரமாக இருந்தது. வாசலில் நின்று, "நானா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எழுந்து வந்தார். அவர் வந்தது எனக்காக அல்ல. தன் சாமானின் மரியாதைக்காக.

நானா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். நான் முன்சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்தேன். டொக்டரம்மா குடையை ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதில என்ன செய்யிறியள்?"

"உள்ள இருக்கிற காத்தை வெளிய விடுறேன் டொக்டர்."

"காத்து மேலதானே நிக்கும்? இந்த ஓட்டை ஏன் கீழ கிடக்கு?"

நான் தலையைத் தூக்கி நிப்பிளைப் பார்த்தேன்.

"நாங்கள் ஊசி போடேக்க, சிரிஞ்சை நிமிர்த்திப் பிடிச்சுத்தான் காத்தை வெளிய விடுறது. தலைகீழாப் பிடிச்சா மருந்துதான் போகும், காத்து உள்ளுக்கயே நிக்கும். நீங்கள் தலைகீழா எல்லோ பிடிச்சிருக்கிறியள்?"

அப்படியே தரையில் கிடந்தேன். இடது கலிப்பரை வலதிலும், வலது கலிப்பரை இடதிலும் பூட்டியிருந்தேன். நிப்பிள் மேலே இருக்க வேண்டியது கீழே இருந்தது. எத்தனை தரம் எடுத்தாலும் எண்ணெய்தான் வரும், காற்று மேலே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருவன் இந்தத் தவறைச் செய்திருந்தால் அவன் காதைத் திருகியிருப்பேன். இருபத்தைந்தாவது வருஷத்தில் நான் செய்திருந்தேன். கண்டுபிடித்தவர் வாழ்க்கையில் ஒரு ஸ்பெனரைத் தொட்டதில்லை.

சீட்டிலிருந்து நானாவின் குரல் வந்தது. "அப்ப என்ட சாமான் நல்ல சாமான்?"

"நல்ல சாமான் நானா."

"மூணுமே?"

"மூணுமே."

"இத இங்க செல்லி என்ன பாஸ்? கடைல வந்து செல்லுங்க. நாலு பேருக்கு முன்னுக்குத்தானே அண்டைக்குச் சென்னீங்க."

மாற்றிப் பூட்டி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எயார் எடுத்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு நானா கடைக்குப் போனேன். கூட்டம் சேரும் வரை காத்திருந்து, சாமான் நல்ல சாமான், பூட்டிய ஆள்தான் சரியில்லை என்று சத்தமாகச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. பிளேன்டீ ஊற்றச் சொன்னார்.

அன்றே டொக்டரம்மாவும் நானும் அதே ஹல்துமுல்லை இறக்கத்தில் மறுபடி இறங்கினோம். அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். இந்த முறை நான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன், ஒவ்வொரு வளைவிலும் பிடித்தது. உரசிய கதவுக்குப் பெயின்ட் பூச நேரமில்லை. "அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியக் கிளம்பினார். அதற்கடுத்த நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் கராஜில் டெலிபோன் அடித்தது.

"பாஸ், வந்து சேர்ந்திட்டன். அம்மா முற்றத்தில கதிரையில இருக்கிறா" என்றார். போனை வைத்ததும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துச் சிவப்புக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில், தலையணைகளுக்கு நடுவே, எண்பது தாண்டிய அம்மா. கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கும்பிட்டேன்.

டொக்டரம்மா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அறிமுகப்படுத்தினார். "அம்மா, இவர்தான் பிரேக்கைத் தலைகீழாப் பூட்டினவர்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பி, "பிறகு நேராப் பூட்டினதும் இவர்தானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப சரி" என்றார் அம்மா. "தம்பி, இந்தக் கதவைத் திறந்துவிடும். கால் மரத்துப்போச்சு."

நான் கதவைத் திறந்துவிட்டேன்.